கார் பெயின்றில் குத்திய இரும்புத் துணுக்கு: தேய்க்க முதல் கரைக்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக: வெள்ளை வகன்-ஆர். ஆவணியில் வீட்டு முன்கேற்றுக்கு ஒட்டு வேலை (வெல்டிங்) நடந்தபோது கார் பக்கத்தில் நின்றது. மாரி தொடங்கியதும் பொனெற்றிலும் வலப்பக்கக் கதவுகளிலும் குண்டூசித் தலையளவு செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. கொம்பவுண்ட் (பெயின்றை அரைத்து மினுக்கும் பசை) போட்டுத் தேய்த்ததும் மறைந்தன, இரண்டு கிழமையில் திரும்ப வந்துவிட்டன. தகரம் உள்ளுக்குள் கறள் பிடிக்கிறதா? திரும்பப் பெயின்ற் அடிக்க வேண்டுமா?

பெயின்ற் அடிக்கத் தேவையில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள், வெளியிலிருந்து பறந்து வந்து பெயின்றின் மேல்தோலில் குத்திக்கொண்ட இரும்புத் துணுக்குகளையே காட்டுகின்றன. ஆனாலும் ஊகத்தில் விடாதீர்கள். முன்பம்பரைப் போய்ப் பாருங்கள். அது பிளாஸ்ரிக், அதற்குக் கறள் பிடிக்க வழியில்லை. அதே செம்மஞ்சள் புள்ளி பம்பரிலும் பக்கக் கண்ணாடியின் கூட்டிலும் இருந்தால், அது உள்ளிருந்து வந்த கறள் அல்ல என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டலாம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கைபேசிக் கமராவில் ஒரு புள்ளியைப் பெருப்பித்துப் பாருங்கள். வெளித்துணுக்கு என்றால் நடுவில் கறுத்த ஒரு முனை தெரியும், அதைச் சுற்றி செம்மஞ்சள் வளையம் பரவியிருக்கும், பெயின்ற் தட்டையாகவே இருக்கும். கல்லடித்த இடத்தில் தகரம் கறள் பிடித்தால் பெயின்றின் விளிம்பு உடைந்திருக்கும், அல்லது கொப்புளம் போல மேலே தூக்கியிருக்கும். அதற்கு இந்தப் பதிலில் சொல்லும் எதுவும் மருந்தில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி, வைப்பர் அடியிலுள்ள பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். கருந்தூள் மயிர் மயிராக ஒட்டி வந்தால் அது துணைச் சாட்சி.

கொம்பவுண்டில் போனது ஏன் திரும்பி வந்தது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ஒட்டு வேலையில் இரும்பை வெட்டவும் அரைக்கவும் பாவிக்கும் கிரைண்டரிலிருந்து பறக்கும் ஒவ்வொரு பொறியும் காற்றில் எரிந்துகொண்டே வரும் உருக்குத் துணுக்கு. அதன் சூடு 1000 பாகை செல்சியசுக்கும் மேல். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற படையான கிளியர் கோட்டோ வெறும் 40, 50 மைக்ரோன் தடிப்பு. தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கூட இல்லை. கொதிக்கும் துணுக்கு அதில் விழுந்த கணத்தில் தன்னைச் சுற்றியுள்ள படையை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. தலை கொஞ்சம் வெளியில், உடல் உள்ளே. ஆவணி வெயிலில் அது சும்மா கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டால்தான் இரும்பு கறள் பிடிக்கும், உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். ஐப்பசி மழையும் வாடைக் காற்றில் வரும் கடல் உப்பும் சேர்ந்ததும் எல்லாம் ஒரே கிழமையில் பூத்தது போலத் தெரியும். ‘மழைத் தண்ணியால் வந்த கறை’ என்று பலர் நினைப்பது இதனால்தான்.

கொம்பவுண்ட் அந்தத் தலையை மட்டும் அரைத்து எடுத்தது. மேலே இருந்த செம்மஞ்சள் வளையமும் துடைபட்டுப் போனது. வேர் உள்ளேயே இருந்தது, அடுத்த மழைக்கு அதுவே திரும்பக் கறள் பிடித்தது. அதோடு விடவில்லை. அறுந்த இரும்புத் தலைகள் துணிக்கடியில் சுழன்று பெயின்றைக் கீறியும் இருக்கும். இரவில் ரோர்ச் லைற்றைப் பொனெற்றின் மேல் சாய்வாகப் பிடித்தால் சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் வந்த வழி இதுதான். இரும்பு வெளியேறும்வரை கொம்பவுண்டையும் மெசினையும் காருக்குக் கிட்டக் கொண்டுவராதீர்கள்.

கேற் வேலை நடக்காத வீட்டுக் கார்களிலும் இந்தப் புள்ளிகள் வரும். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அது தேய்ந்து தூளாகிச் சில்லிலும் பின்கதவின் கீழ்ப்பாதியிலும் படிகிறது. ரயில் பாதையோரத்திலும் தண்டவாளமும் சில்லும் உராய்ந்த தூள் உண்டு. 1990இல் நின்ற ரயில் 2014இல் யாழ்ப்பாணம் திரும்பி, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை போனது. கோண்டாவில், சுன்னாகம் பக்கம் பாதையை ஒட்டி வாகனம் நிறுத்துபவர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம். ஆனால் பிரேக் தூளும் ரயில் தூளும் மெல்லச் சேர்பவை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புள்ளியைக் குத்திவிடுவது பெரும்பாலும் கிரைண்டர்தான்.

குத்திய இரும்பைக் கரைக்கவென்றே விற்கும் திரவங்கள் உண்டு. கார்ப்ரோவின் அயர்ன் எக்ஸ், பில்ற் ஹம்பரின் கொரோசோல், சோனாக்ஸ், கியோன் என்று பல பெயர். உள்ளே வேலை செய்யும் சரக்கு பெரும்பாலும் ஒன்றே: தயோகிளைகொலேற் என்ற உப்பு. முடி சுருட்டும், முடி அகற்றும் கிறீம்களில் இருப்பதும் இந்தக் குடும்பம்தான். போத்தலைத் திறந்ததும் வரும் அந்த அழுகல் முட்டை நாற்றமும் அதனுடையதே. இது இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் சேர்மமாக மாறுகிறது. அந்தச் சேர்மத்தின் நிறம் நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். வெள்ளைக் காரில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதாக் கண்ணீர் வடிவதைப் பார்த்து முதல் தடவை எல்லோரும் பதறுவார்கள். கரைவது பெயின்ற் இல்லை, இரும்பு. இது வலுத்த அமிலம் அல்ல, நடுநிலைக்குக் கிட்டிய திரவம். அதனால் கிளியர் கோட்டைத் தின்னாது. வாங்கும்போது ‘அமிலமற்றது’, ‘பெயின்றுக்கும் பாவிக்கலாம்’ என்ற இரண்டும் போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். சில்லுக்கு மட்டும் என்று விற்கும் சில திரவங்கள் வலுத்த அமிலம்.

உங்கள் காருக்கு முழுவதும் அடித்தால் ஒரு சுற்றுக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர் போதும். ஹயஸ் வான் என்றால் 300 வரை போகும். 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று இரண்டு சுற்றுக்குக் காணும்.

நேரம் விடியற்காலை. வெயில் ஏறினால் வேலை கெட்டுவிடும். நடுப்பகலில் வெயிலில் நிற்கும் காரின் தகரம் கை வைக்க முடியாத சூட்டுக்கு ஏறும். அதில் அடித்த திரவம் ஒரு நிமிடத்தில் காய்ந்து, ஊதாக் கறையாகவே உட்கார்ந்துவிடும். புறங்கையைப் பொனெற்றில் வைத்து 5 செக்கன் தாங்க முடியாவிட்டால் தொடங்காதீர்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலிலும் சீக்கிரம் காயும், அதனால் காற்று மறைப்பான பக்கம் நிறுத்துங்கள். மாமர நிழல் வேண்டாம். பாலும் பூவும் கொட்டும். கார் ஓடி வந்த சூட்டோடும் தொடங்கக் கூடாது. பிரேக் ஆற ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

கிணற்றடியிலும் செய்யாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல்லில், நிலத்தில் ஊற்றியது நேரே கிணற்றுத் தண்ணீருக்குப் போகும். கிணற்றுக்கு எட்டவான இடத்தில் காரை நிறுத்தி வாளியில் தண்ணீர் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

நைற்றைல் ரப்பர்க் கையுறை, கண்ணை மறைக்கும் கண்ணாடி இரண்டும் கட்டாயம். தயோகிளைகொலேற் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். பூட்டிய கராச்சுக்குள் அடித்தால் நாற்றத்தில் தலையிடி வரும்.

முதலில் ஷம்பூவால் சாதாரணமாகக் கழுவுங்கள், மேலிருந்து கீழாக. மண் படிந்த காரில் திரவத்தை அடித்தால் அது மண்ணில்தான் ஊறும். பிறகு கதவுகளின் கீழ்ப்பகுதியில் தார்ப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். தாருக்கு அடியில் இருக்கும் இரும்பைத் திரவம் தொடாது, அதனால் தார் முதலில் போக வேண்டும். தார் அகற்றும் திரவம் இல்லையென்றால் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, 1 நிமிடம் ஒற்றி வைத்து, துடைத்தெடுத்து, அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை ஷம்பூவால் கழுவலாம். எண்ணெய்ப் படை மிஞ்சினால் அடுத்த வேலை ஒன்றும் நடக்காது. பெற்றோல் வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், திரும்ப அடித்த பெயின்ற் என்றால் அதை இளக்கியும் விடும்.

கழுவிய தண்ணீரைத் துவாயால் ஒற்றியெடுங்கள். சொட்டச் சொட்ட நிற்கும் பெயின்றில் அடித்தால் திரவம் தண்ணீரோடு வடிந்து நிலத்துக்குப் போய்விடும். அடிப்பது ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு: பொனெற், அதன் பிறகு ஒரு கதவு, அதன் பிறகு அடுத்தது. முழுக் காருக்கும் ஒரேயடியாக அடித்துவிட்டு கழுவத் தொடங்குவதற்குள் முதலில் அடித்தது காய்ந்திருக்கும். அடித்து இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஊதா தெரியத் தொடங்கியதும் நனைந்த மெல்லிய ஸ்பொஞ்சால் அழுத்தாமல் பரப்புங்கள். கரைந்த படை விலகி, அடியில் உள்ள இரும்புக்குப் புதுத் திரவம் படும். மொத்தம் 4, 5 நிமிடம். ஓரத்தில் காய்வது போலத் தெரிந்தால் அதற்கு முன்னமே கழுவிவிடுங்கள். 10 நிமிடம் விட்டால் இருமடங்கு கரையும் என்று நினைப்பது வீண். திரவம் தன் வேலையை முதல் சில நிமிடத்திலேயே முடித்துவிடும், மிச்சத்துக்கு இரண்டாம் சுற்றுத்தான் வழி.

கழுவும்போது கஞ்சத்தனம் வேண்டாம். கதவுப் பிடிக்குப் பின்னால், நம்பர் பிளேற்றின் ஓரம், பெற்றோல் மூடி, கண்ணாடி ரப்பரின் கீழ் என்று எங்கெல்லாம் தேங்குமோ அங்கெல்லாம் தண்ணீர் ஓட வேண்டும். விட்டால் பின்னேரம் காரை எடுக்கும்போது வெள்ளைக் கதவில் ஊதாக் கோடு இறங்கியிருக்கும். பிரேக் டிஸ்க்கில் பட்டு அதுவும் ஊதாவாகினால் பயப்பட ஒன்றுமில்லை, அது வெறும் இரும்புதானே. நன்றாகக் கழுவி, ஒழுங்கைக்குள் மெல்ல ஓட்டி நாலைந்து தடவை பிரேக்கை மிதித்துக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பெயின்றின் மேல் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளால் அரிசிக் குறுணி போலத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் இரண்டாம் சுற்று. கிரைண்டர் பொறி என்பதால் உங்களுக்கு இரண்டு சுற்று நிச்சயம் தேவைப்படும். பிரேக் தூள் போல அது மேலோட்டமாக இருப்பதில்லை. அதற்கும் அசையாத புள்ளிகளுக்கு, ரிஷூவைச் சிறு துண்டுகளாகக் கிழித்துத் திரவத்தில் தோய்த்துப் புள்ளியின் மேல் ஒட்டி, பொலித்தீன் துண்டால் மூடி 5 நிமிடம் வையுங்கள். செங்குத்தான கதவில் திரவம் வடிந்துவிடாமல் அதே இடத்தில் நிற்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே நாளில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம், மிச்சத்தை அடுத்த கிழமைக்கு விடுங்கள்.

ஊதா வரவில்லை என்பதை இரும்பு இல்லை என்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய மெழுகுப் படை மூடியிருந்தால் திரவம் இரும்பைத் தொடவே இல்லை என்றும் பொருள். கைதான் தீர்ப்பு, நிறம் அல்ல.

இதன் பிறகுதான் களிமண் கட்டி, கிளே பார் என்று விற்பது. ஜப்பானில் தொடங்கிய பொருள். பிசினில் நுண்ணிய அராவும் தூள் கலந்தது. பெயின்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கியும் வெட்டியும் எடுக்கும். ஆழத்தில் இருப்பதை எடுக்காது. அதனால்தான் திரவத்துக்கு முன் இதைப் போட்டால் கொம்பவுண்டில் நடந்ததே இங்கும் நடக்கும்: தலை போகும், வேர் தங்கும். கரைத்த பிறகு போட்டால் தளர்ந்து நிற்கும் மிச்சங்களை அள்ளிக்கொண்டு வரும்.

மெல்லிய தரக் கட்டியில் 50 கிராம் போதும். அதைப் பாதியாக்கி, உள்ளங்கையில் பப்படம் போலத் தட்டி, பெயின்றை ஷம்பூத் தண்ணீரால் வழுவழுப்பாக்கி, இரண்டு அடிச் சதுரத்துக்கு மேல் போகாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். வட்டமாக வேண்டாம். விரலின் பாரம் மட்டும் போதும். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும், சத்தம் அடங்கினால் அந்த இடம் முடிந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு கட்டியைப் புரட்டிப் பார்த்தால் கறுப்பும் செம்மஞ்சளும் அப்பியிருக்கும். உள்ளுக்கு மடித்துப் புதுமுகம் எடுங்கள். நிலத்தில் விழுந்தால் குப்பைக்குத்தான். கழுவிப் பாவிக்க நினைப்பவர்களின் பொனெற்றில் மணல் கோடு கிடக்கும். எங்கள் வெயிலில் கட்டி பட்டர் போல இளகிவிடும், குளிர்ந்த தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டு எடுத்து எடுத்துப் பாவியுங்கள்.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பே சாட்சி. அதில் சவர்க்காரமும் ஷம்பூவும் சரியாக நுரைக்காது, வழுவழுப்பும் குறையும், களிமண் கட்டி இழுபடும். பெயின்றில் காயவிட்டால் வெள்ளை வட்டம் விழும். செம்மஞ்சள் புள்ளியை எடுக்கப் போய் வெள்ளைப் புள்ளியோடு முடிக்கும் வேலை இது. கழுவுவதெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் கழுவலாம். களிமண் கட்டிக்கான ஷம்பூத் தண்ணீருக்கும் கடைசி ஊற்றலுக்கும் மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், இல்லையென்றால் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீர். 15, 20 லீற்றரைப் பூவாளியில் எடுத்துக் கூரையிலிருந்து மெல்ல ஊற்றினால் முழுக் காருக்கும் போதும். ஊற்றி முடித்ததும் துவாயால் ஒற்றுங்கள். மழை பிடிக்கும்போது முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள், ஓட்டுத் தூசி அதில்தான் வரும்.

திரவம் கைக்கெட்டாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு: ஒக்சாலிக் அமிலம். மரத்தின் கறையையும் தரைக் கறையையும் வெளுக்கப் பாவிக்கும் வெள்ளைப் பளிங்குத் தூள். கறளை நன்றாகக் கரைக்கும், கறள் பிடிக்காத இரும்பை மெதுவாகத்தான் தொடும். 1 லீற்றர் இளஞ்சூட்டு மழைத் தண்ணீருக்கு 25 கிராம். இங்கே கிணற்றுத் தண்ணீர் கட்டாயம் கூடாது. தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு ஒக்சாலிக் அமிலம் சேர்ந்து கல்சியம் ஒக்சலேற் என்ற கரையாத வெள்ளை வண்டலாகிவிடும். அமிலத்தின் ஒரு பங்கு வீணாகும், அந்த வண்டல் பெயின்றில் வெண்படையாக உட்காரும். வெள்ளைத் துணியைத் தோய்த்துப் புள்ளிகளின் மேல் விரித்து, காயவிடாமல் 5 முதல் 10 நிமிடம். பிறகு நிறையத் தண்ணீர், அதன்மேல் 1 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாக் கரைசல், திரும்பத் தண்ணீர். இது நஞ்சு, உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தூளை மூச்சில் இழுக்காமல், பிள்ளைகள் இல்லாத நேரம், கையுறையோடு செய்ய வேண்டும். முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு புள்ளியில் சோதித்துப் பாருங்கள். வெறும் அலுமினியம், நாகம் பூசிய உலோகம், பெயின்ற் உரிந்த தகரம் எதிலும் படக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. தயோகிளைகொலேற் திரவத்தையும் எந்த அமிலத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பலாம். குளோரின் வெளுப்பான் இரண்டோடும் சேரக் கூடாது.

தரை கழுவும் அமிலமும் மலசலகூடம் கழுவும் திரவமும் கறளைக் கரைக்கும் என்பது உண்மை. அவற்றில் இருப்பது பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம். அது குரோமையும் அலுமினியத்தையும் தின்னும். தகர மடிப்புகளுக்குள் போய்த் தங்கினால் நீங்கள் முதலில் பயந்தீர்களே, உள்ளிருந்து வரும் கறள், அதை உண்மையாக்கிவிடும். தேசிக்காயும் பழப்புளியும் குத்துவிளக்குக்கு நல்லவை. பித்தளையின் மேல் இருப்பது மெல்லிய படை, இங்கே இருப்பது குத்தி இறங்கிய துணுக்கு. மணிக்கணக்கில் வைத்தாலும் வளையத்தின் நிறம் கொஞ்சம் வெளிறுமே தவிர வேர் அசையாது. பற்பசை வெறும் அராவும் பசை, இன்னொரு கொம்பவுண்ட்.

திரும்பப் பெயின்ற் அடித்த கார் என்றால் அடித்த விதத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். 2கே பெயின்ற் (கெட்டியாக்கி கலந்து அடிப்பது) என்றால் குறைந்தது ஒரு மாதம் ஆறிய பிறகு மேலே சொன்னதெல்லாம் செய்யலாம். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு அடித்திருக்கும் என்.சி. (நைற்றோசெலுலோஸ்) பெயின்றில் கிளியர் கோட் இல்லாமல் இருக்கலாம். அதற்கு ஒரு புள்ளியில் சோதிக்காமல் எதுவும் அடிக்க வேண்டாம், தார் அகற்றும் திரவம் கிட்டவே போகக் கூடாது. பளபளப்பில்லாத மற் பூச்சுக் காரில் திரவம் மட்டும், களிமண் கட்டி இல்லை. அது போகும் இடமெல்லாம் பளபளப்புத் தடம் விழும்.

எல்லாம் முடிந்த பிறகும் சில இடத்தில் ஊசி குத்தியது போன்ற குழி மிஞ்சலாம். கறளான இரும்பு தன் பழைய அளவை விடப் பல மடங்கு பருக்கிறது. பருத்து, சுற்றியுள்ள கிளியர் கோட்டைப் பிளக்கிறது. இரும்பு கரைந்து போனாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. சுற்றியுள்ள படையை அரைத்துக் குழியின் மட்டத்துக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். இருப்பதே 40 மைக்ரோன். குச்சி நுனியால் ஒரு துளி கிளியர் கோட் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், ஒரு முழத் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. முன்கண்ணாடியிலும் பொறி குத்தியிருந்தால் இதே கதைதான். இரும்பு போகும், குழி இருக்கும்.

கொம்பவுண்ட் கீறல்களுக்கு இப்போது மெல்லிய பொலிஷ் போடலாம். பெயின்றில் இரும்பு இல்லாததால் புதிதாகக் கீறாது. வெள்ளைக் காரில் கீறல் அதிகம் தெரியாது, மனம் கேட்டால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மெழுகை மட்டும் விடாதீர்கள். திரவமும் களிமண்ணும் பழைய மெழுகை எடுத்துவிட்டன, பெயின்ற் இப்போது வெறும் உடம்போடு நிற்கிறது. கார்னோபா மெழுகு இந்த வெயிலில் இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. செயற்கைச் சீலன்ற் அதைவிடக் கூடுதல் நாள் தாங்கும். இரண்டும் பிரேக் தூளை ஒட்டவிடாமல் வைத்துக் கழுவும்போது வழுக்கிப் போகச் செய்யும். கொதிக்கும் பொறியை எதுவும் தடுக்காது, செராமிக் கோட்டிங்கும் தடுக்காது. விற்பவர் வேறு கதை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

சாதாரண பாவனைக்கு வருடத்தில் இரண்டு தடவை திரவம் அடித்தால் போதும்: மாரிக்கு முன் புரட்டாசியில் ஒன்று, மழை விட்ட பிறகு தையில் ஒன்று. புரட்டாசியில் அடிப்பது அதிகம் பலன் தரும், இரும்பு கறளாகிப் பருக்க முன்னமே வெளியேறிவிடும். கடற்கரையோரம், தீவுப் பக்கம் இருப்பவர்கள் அதை ஒருபோதும் தவறவிடக் கூடாது.

அடுத்த முறை வீட்டில் கிரைண்டர் வேலை என்றால் காரை ஒழுங்கைக்கு வெளியே, காற்று வரும் பக்கமாகக் கொண்டுபோய் விடுங்கள். எடுக்க முடியாத நிலை என்றால் நனைத்த சாக்கால் மூடுங்கள். நைலோன் கவரையும் தறப்பாளையும் பொறி பொத்துக்கொண்டு போகும், உருகிய பிளாஸ்ரிக் பெயின்றில் ஒட்டினால் அது தனி வேலை. சாக்கை எடுக்கும்போது இழுக்காமல் இரண்டு பேர் நாலு மூலையிலும் பிடித்துத் தூக்குங்கள். அதன் மேல் இருப்பது முழுக்க இரும்புத் தூள். அன்றே காரைத் துடைக்காமல், கை வைக்காமல், தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள். அந்தக் கிழமைக்குள் ஒரு சுற்றுத் திரவம் அடித்தால் புள்ளி தெரியவே வராது.